ஜெர்மன் குடியுரிமை: நான்கு மாத வேலையிழப்பும் ஆங்கில மாஸ்டர்ஸும்

கேள்வி சுருக்கமாக இதுதான். கணவன், மனைவி இருவரும் கோயம்புத்தூர்ப் பக்கம். ஸ்டுட்கார்ட் அருகே ஆறு வருஷமாக இருக்கிறார்கள். கணவர் ப்ளூ கார்டில், அதாவது உயர் தகுதி வேலைக்கான அனுமதியில், வந்து இப்போது நிரந்தர வதிவிட அனுமதி வைத்திருக்கிறார். மனைவி இங்கேயே மாஸ்டர்ஸ் முடித்து, அந்தப் படிப்புக்கேற்ற வேலையில், குழந்தை பிறந்த பிறகு வாரத்துக்கு 25 மணி நேரம் மட்டும் போய்வருகிறார். போன வருஷம் கணவருக்கு வேலை போய், நான்கு மாதம் வேலையிழப்புப் பணம் வாங்கினார்கள். இப்போது புது வேலையில் மூன்று மாதம் ஆகிறது. "இந்த நாலு மாசத்தால் குடியுரிமை மனு தள்ளுபடி ஆகுமா? நான் பார்ட் டைம் என்பது பிரச்சினையா? மொழிக்கு என் ஜெர்மன் யூனிவர்சிட்டி டிகிரி போதும்தானே?" என்று மனைவி கேட்கிறார்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பயப்படுகிற இரண்டும் பெரிய விஷயமில்லை. "போதும்தானே" என்று போகிறபோக்கில் கேட்டீர்களே, அதில்தான் மனு சிக்கி நிற்கப் போகிறது.

முதலில் வேலை. ஜெர்மன் குடியுரிமைச் சட்டத்தின் பத்தாம் பிரிவு கேட்பது, உங்களுக்கும் உங்கள் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் அரசின் வாழ்வாதார உதவி இல்லாமல் சோறு போட முடிகிறதா என்பதைத்தான். எவ்வளவு சம்பளம், எந்தக் கம்பெனி என்றெல்லாம் சட்டம் கேட்கவில்லை. உதவி என்று அது சொல்வது வருமானம் போதாதவர்களுக்கு ஜாப்சென்டர் என்ற அலுவலகம் தரும் பணமும் சமூக உதவி அலுவலகம் தரும் பணமும்தான். உங்கள் கணவர் வாங்கியது ஆர்பைட்ஸ்அகென்டூர், அதாவது வேலைவாய்ப்பு அலுவலகம், தந்த பணம். அது அவர் மாதாமாதம் சம்பளத்திலிருந்து கட்டிய காப்பீட்டிலிருந்து வந்தது. ஜாப்சென்டர், ஆர்பைட்ஸ்அகென்டூர் இரண்டும் பல ஊரில் ஒரே கட்டடத்தில் இருப்பதால் நம் ஆட்கள் இரண்டையும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். குழந்தைப் பணம், பிரசவத்துக்குப் பிந்தைய பெற்றோர் பணம் ஆகியவையும் கணக்கில் வராது. அதை வாங்கியதற்காக யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

நான்கு மாதம் பழைய கதை. ஆனால் அதிகாரி முன்னாலும் பார்ப்பார்: இந்தக் குடும்பம் இனியும் தன் காலில் நிற்குமா? அங்கேதான் உங்கள் கணவரின் ப்ரோபெட்சைட், அதாவது புது வேலையின் சோதனைக் காலம், வருகிறது. பொதுவாக ஆறு மாதம். அது முடியாத ஒப்பந்தத்தைப் பார்த்து "உறுதியான வருமானம்" என்று எழுத அதிகாரிகள் தயங்குவார்கள். அதற்காக மனுவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். பல ஊர்களில் ஃபைலை எடுத்துப் பார்க்கவே மாதக்கணக்கில் ஆகிறது, மொத்தம் ஒரு வருஷத்துக்கு மேல் போவதும் சாதாரணம். அவர்கள் கை வைக்கும் நேரத்தில் ப்ரோபெட்சைட் தாண்டியிருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மனு போட்ட நாளில் தகுதி இருந்தால் போதாது, முடிவு எடுக்கும் நாளிலும் இருக்க வேண்டும். கடைசியில் புதிதாக மூன்று சம்பளச் சீட்டு கேட்பார்கள். நடுவில் வேலை மாறினால் மறைக்காமல் உடனே தெரிவித்துவிடுங்கள்.

அடுத்து உங்கள் பார்ட் டைம். "கடைசி 24 மாதத்தில் 20 மாதம் முழு நேர வேலை இருக்க வேண்டுமாமே" என்று என்னிடமே பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். அந்த விதி இருக்கிறது, ஆனால் உங்களுக்கு இல்லை. சம்பளம் போதாமல் ஜாப்சென்டரிடமும் கொஞ்சம் வாங்குகிறவருக்கு, "நீ முழு நேரம் உழைக்கிறாய், அதனால் பரவாயில்லை" என்று சட்டம் விடும் சலுகை அது. உதவியே வாங்காதவர்கள் அந்த 20 மாதக் கணக்கைத் தொடவே தேவையில்லை. உங்கள் வீட்டில் இரண்டு சம்பளத்தையும் சேர்த்து, வாடகையைக் கழித்து, மூன்று பேருக்குப் போதுமா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 2024 ஜூன் 27-க்கு முன்னால், உதவி வாங்க நேர்ந்தது ஒருவரின் குற்றமில்லை என்றால் மன்னித்துவிடுவார்கள். குழந்தையைத் தனியாக வளர்க்கும் தாய், படுத்த படுக்கையான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர் போன்றவர்களுக்கு அந்த வாசல் திறந்திருந்தது. புதிய சட்டம் காத்திருக்கும் வருஷத்தை எட்டிலிருந்து ஐந்தாகக் குறைத்தது, பழைய குடியுரிமையை விட வேண்டியதில்லை என்றது. எல்லோரும் கைதட்டினோம். அதே சட்டம் அந்த வாசலை ஓசையில்லாமல் சாத்திவிட்டது. மிஞ்சியவை குறிப்பிட்ட சில விலக்குகள்: முன்னால் சொன்ன முழு நேர உழைப்பாளி, அவரோடு மைனர் குழந்தையுடன் வாழும் துணைவர், மேற்கு ஜெர்மனி ஒப்பந்தம் போட்டு வரவழைத்து 1974 ஜூன் 30-க்குள் வந்த விருந்தினர் தொழிலாளிகள், கிழக்கு ஜெர்மனி வரவழைத்த ஒப்பந்தத் தொழிலாளிகள். பார்ட் டைம் வேலைக்குப் போய், சம்பளம் போதாமல் ஜாப்சென்டரிடமும் வாங்கும் ஒற்றைத் தாய் இப்போது அதிகாரியின் கருணையை நம்பித்தான் மனுப் போட வேண்டும்.

சரி, மொழிக்கு வருவோம்.

உங்கள் மாஸ்டர்ஸ் ஜெர்மன் யூனிவர்சிட்டியில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகுப்பு எந்த மொழியில் நடந்தது? ஆங்கிலத்தில் என்றால் அந்த டிகிரியைக் கொண்டு மொழித் தகுதியை நிரூபிக்க முடியாது. ஜெர்மன் மொழியில் நடந்த படிப்பு, இங்குள்ள பள்ளியில் நாலு வருஷம் தேறியது, பள்ளியிறுதிச் சான்றிதழ் போன்றவைதான் பி1 என்கிற இடைநிலை மொழித் தேர்வுச் சான்றுக்குப் பதிலாக ஏற்கப்படும். நம் ஊரிலிருந்து வருகிற பொறியியல் மாணவர்களில் பெரும்பாலோர் ஆங்கில வழி மாஸ்டர்ஸ்தான் படிக்கிறார்கள். சான்றிதழில் ஜெர்மன் யூனிவர்சிட்டி முத்திரையைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். மனு போட்டு எட்டு மாதம் கழித்து "மொழிச் சான்று இணைக்கப்படவில்லை" என்று கடிதம் வரும்போதுதான் தலையில் கை வைக்கிறார்கள்.

உங்கள் கணவர் கதை வேறு. ப்ளூ கார்டுக்காரர்களுக்கு நிரந்தர வதிவிடம் ஏ1 என்ற ஆரம்ப மொழி மட்டத்திலேயே 27 மாதத்தில் கிடைத்துவிடுகிறது. அதனால் பலருடைய ஜெர்மன் அந்த ஏ1-லேயே நின்றுபோகிறது. அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், கடையில் "ஹலோ", "டாங்கெ", "ட்ச்சூஸ்". குடியுரிமைக்குப் பி1 வேண்டும், பேச்சிலும் எழுத்திலும். ஏ1-லிருந்து பி1 என்பது இரண்டு மாதப் பயணமில்லை. வேலைக்குப் போய்க்கொண்டு மாலை வகுப்பில் படித்தால் ஒரு வருஷம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அகதிகளுக்கும் புதிதாக வருபவர்களுக்கும் அரசு நடத்தும் ஒருங்கிணைப்புக் கோர்ஸில் பி1 வரைக்கும் 600 பாடவேளை வைத்திருக்கிறார்கள் என்றால் அளவு புரியும்.

எந்தத் தேர்வு எழுதுவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோதே இன்ஸ்டிடியூட் நடத்தும் பி1-இல் நான்கு பகுதி: படித்தல் 65 நிமிடம், கேட்டல் 40, எழுதுதல் 60, பேசுதல் சுமார் 15. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். ஊருக்குப் போகும்போது கோதேயின் சென்னைக் கிளையான மாக்ஸ் முல்லர் பவனிலும் எழுதலாம், அதே சான்றிதழ்தான். ஒருங்கிணைப்புக் கோர்ஸின் முடிவில் எழுதும் டிடிஇசட் வேறு மாதிரி. அங்கே பேச்சில் பி1 வாங்கி, மற்ற இரண்டில், அதாவது கேட்டல்-படித்தல் ஒன்று, எழுதுதல் ஒன்று, ஏதாவது ஒன்றில் பி1 வாங்கினால் மொத்தமும் பி1 என்று எழுதித் தருவார்கள். எழுத்து மட்டும் ஒரு படி கீழே ஏ2-இல் நின்றாலும் பாதகமில்லை.

இந்த வித்தியாசம் ஒருவருக்கு என்ன செய்தது என்று சொல்கிறேன். எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமைகளில் ஒரு அக்கா பேத்தியைக் கூட்டி வருவார். யாழ்ப்பாணம். தொண்ணூறுகளில் வந்தவர், இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஒரு உணவகச் சமையல்கட்டில் வேலை. காய்கறி கொண்டுவருபவன் வாடிய கீரையை இறக்கினால் அவனை வாசலிலேயே நிறுத்தி ஜெர்மனில் வறுத்தெடுப்பார், அருகில் நின்று கேட்டிருக்கிறேன். என்னுடைய ஜெர்மனைவிட அது பத்து மடங்கு வேகம். ஆனால் அந்த இருபத்தைந்து வருஷத்தில் ஒரு கடிதம்கூட ஜெர்மனில் எழுதியதில்லை. கோதே தேர்வில் பேச்சில் நல்ல மதிப்பெண், எழுத்தில் நாற்பதுக்குக் கீழே. "கதைக்கத் தெரிஞ்சா காணாதோ தம்பி, எழுதி நான் ஆருக்கு அனுப்பப் போறன்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. விருந்தினர் தொழிலாளித் தலைமுறைக்குப் பேச்சு மட்டும் போதும் என்று 2024 சட்டம் சலுகை கொடுத்தது. துருக்கியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஒப்பந்தம் போட்டு வரவழைத்தவர்களுக்கு அது நியாயமான மரியாதை. போரில் ஓடிவந்து இங்கே பாத்திரம் கழுவியே முதுகு வளைந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

அடுத்த முறை டிடிஇசட் எழுத வைத்தோம். அதுவரைக்கும் இரவு கடையடைத்து வந்து, சமையல் மேசையில் உட்கார்ந்து, இல்லாத வீட்டுக்காரருக்குத் தினம் ஒரு கடிதம் எழுதினார். குழாய் ஒழுகுகிறது, ஹீட்டர் வேலை செய்யவில்லை, மாடிப்படி விளக்கு எரியவில்லை. பேத்திதான் சிவப்புப் பேனாவால் திருத்துவாள். எழுத்து அப்போதும் ஏ2-தான் வந்தது. பேச்சும் கேட்டல்-படித்தலும் பி1. சான்றிதழின் மேலே பி1 என்று இருந்தது, அலுவலகத்தில் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் கணவருக்கு நேர் எதிர்ப் பிரச்சினை இருக்கும் என்று நினைக்கிறேன். படித்தவர், படித்தலும் எழுதுதலும் பயிற்சியில் வந்துவிடும், வாயைத் திறப்பதுதான் கஷ்டம். கோதே பேச்சுத் தேர்வில் இரண்டு பேரை ஜோடியாக உட்கார வைப்பார்கள். முதலில் இருவரும் சேர்ந்து ஏதாவது திட்டமிட வேண்டும், உதாரணமாக ஆஸ்பத்திரியில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போவது. நம் ஆட்கள் யூடியூபில் பார்த்த பத்து வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். எதிரில் இருப்பவர் "செவ்வாய்க்கிழமை எனக்கு முடியாது" என்பார். இவர் காதில் வாங்காமல் "ஆகவே செவ்வாய்க்கிழமை போவோம்" என்று முடிப்பார். மதிப்பெண் அங்கேதான் போகிறது. எதிராளி சொன்னதைக் கேட்டு, "அப்படியா, புதன் சரிப்படுமா?" என்று திரும்பக் கேட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இலக்கணத் தப்புக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை.

அதோடு, தமிழ் நமக்கு இங்கே கைகொடுக்கும். ஆங்கிலத்தின் வழியாக ஜெர்மன் படிப்பதால் அதை யாரும் கவனிப்பதில்லை. "எனக்குக் காய்ச்சல் இருந்ததால் வரவில்லை" என்பதில் காரணம் சொல்லும் துண்டின் கடைசியில்தானே "இருந்ததால்" வருகிறது? ஜெர்மனில் "வைல் இஹ் ஃபீபர் ஹட்டெ". வினை கடைசியில். ஆங்கிலக்காரர்கள் இதற்கு மாதக்கணக்கில் அல்லாடுவார்கள், நமக்கு இது பிறவி வழக்கம். அதேபோல நீ, நீங்கள். கோதே எழுத்துத் தேர்வில் நண்பருக்கு 80 வார்த்தையில் ஒரு மெயில், ஒரு விஷயத்தைப் பற்றி உங்கள் கருத்து 80 வார்த்தையில், கடைசியாக ஆசிரியருக்கோ அதிகாரிக்கோ 40 வார்த்தையில் ஒரு மரியாதையான மெயில். இந்தக் கடைசியில் நீ என்கிற "டூ" எழுதிவிட்டால் போச்சு, நீங்கள் என்கிற "ஸீ" வேண்டும். தமிழில் ஹெட்மாஸ்டருக்கு "நீ எப்போ வருவே?" என்று எழுதுவோமா? எழுதும் முன்னால் அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று வருஷத்திலேயே குடியுரிமை என்று இன்னமும் வீடியோக்கள் சுற்றுகின்றன. சி1 என்ற உயர்மட்ட ஜெர்மனும் வேலையில் தனித் திறமையும் இருந்தால் அப்படி ஒரு குறுக்குவழி 2024-இல் வந்தது உண்மை. 2025 அக்டோபர் இறுதியில் அதை எடுத்துவிட்டார்கள். உங்களுக்கு ஆறு வருஷம் ஆனதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். படிப்பே இல்லாமல் பி1 சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களிடம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். பொய்ச் சான்றால் கிடைத்த குடியுரிமையைப் பத்து வருஷம் வரைக்கும் திரும்பப் பிடுங்கலாம், பொய் சொன்னதற்கு ஐந்து வருஷம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது.

குடியுரிமைத் தேர்வு என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. 33 கேள்வி, 60 நிமிடம், 17 சரியாக இருந்தால் தேர்ச்சி. மொத்தக் கேள்வி வங்கியில் 300 பொதுக் கேள்வி, உங்கள் மாநிலத்துக்கென்று 10. எல்லாமே விடையோடு இணையத்தில் கிடைக்கின்றன. கட்டணம் 25 யூரோ. ஒரு வாரம் ரயிலில் போகும்போது போனில் தட்டிக்கொண்டிருந்தால் போதும். இரண்டு பேருமே எழுதிவிடுங்கள், உங்கள் ஆங்கில டிகிரி இதற்கும் உதவாது. கடைசியில் ஜனநாயக அரசியல் சட்டத்தை ஏற்கிறேன், நாஜி ஆட்சிக் கொடுமைகளால் ஜெர்மனிக்கு ஏற்பட்ட தனிப் பொறுப்பையும் யூத வாழ்வைக் காப்பதையும் ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். சில இடங்களில் அதிகாரி அதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பார். படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு விழிக்க வேண்டாம்.

இந்தியக் கம்பெனி அனுப்பி ஐசிடி கார்டில் வந்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: மொழியும் சம்பளமும் எவ்வளவு இருந்தாலும் அந்தக் கார்டோடு மனுச் செய்ய முடியாது. படிப்பு விசாவுக்கும் அப்படியே. முதலில் இங்குள்ள வேலைக்கான அனுமதிக்கோ ப்ளூ கார்டுக்கோ மாற வேண்டும்.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். உங்களுக்குக் கடை, கிண்டர்கார்டன் எல்லாம் பழகி ஓரளவு ஜெர்மன் இருக்கும், நீங்கள் மூன்று மாதத்தில் பி1 எழுதிவிடலாம். நீங்களும் குழந்தையும் முதலில் மனுப் போடுங்கள். உங்களுக்கு ஐந்து வருஷம் தாண்டிவிட்டது, உங்கள் மனு கணவரின் மொழிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வருமானத்துக்கு மட்டும் அவருடைய ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டையும் சேர்த்துக் காட்டுங்கள். பெரியவருக்கு 255 யூரோ, உங்களோடு சேரும் குழந்தைக்கு 51. பதினாறு வயதுக்குக் கீழே என்பதால் வயதுக்கேற்ற பேச்சு இருந்தால் போதும், கிண்டர்கார்டன் டீச்சரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கணவர் ஒரு வருஷம் கழித்துத் தன் பி1-ஐ எடுத்துக்கொண்டு தனியாகப் போடட்டும். மூன்று மாதம் வரைக்கும் பதிலே இல்லையென்றால் நீதிமன்றத்தில் வழக்குப் போட வழி உண்டு. தொண்ணூற்றோராம் நாளே வக்கீலிடம் ஓடாதீர்கள், முதலில் பணிவாக ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்.

இந்தியப் பக்கம் ஒன்று. ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தாலும் இந்தியா அனுமதிப்பதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு அதற்குத் தனியாக மனுச் செய்யும் வழி இருக்கிறது, நமக்கு இல்லை. ஜெர்மன் சான்றிதழைக் கையில் வாங்கிய அந்த நொடியே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். அதற்குப் பிறகு பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். உங்கள் மாநிலத்துக்கு மியூனிக் துணைத் தூதரகம்தான், அங்கே பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, அப்புறம் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓசிஐ இருந்தாலும் ஊரில் புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. தோட்டம் வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவிட்டுப் போடுங்கள். ஓசிஐ வரும் வரைக்கும் ஊருக்குப் போக விசா எடுக்க வேண்டும். அதனால் சான்றிதழ் வாங்க வரச்சொல்லி அழைப்பு வரும்போது, அந்த மாதம் தம்பி கல்யாணமோ அப்பாவின் அறுபதாம் கல்யாணமோ இருந்தால், வாங்கும் தேதியைத் தள்ளித் தரச் சொல்லி ஒரு மெயில் போடுங்கள்.